பழுப்பு டேப்புக்கு அடியில் ஒரு பெயர்

1

இந்தக் கதை ஒரு பேக்கிங் டேப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம்.

கிரேக்க நாட்டின் ஆர்த்தாவில், ஆரஞ்சு மரங்கள் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் தெருவொன்றில், ஆகஸ்ட் கடைசியில் ஒரு டியூஷன் பள்ளியின் சுவரில் ஃப்ளெக்ஸ் தொங்கியது. ஆங்கிலத் தேர்வில் பாஸான பிள்ளைகளின் பெயர்கள். நம் ஊரில் காதுகுத்துக்கு வைப்பதை இங்கே ஆங்கிலத்துக்கு வைக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பெயர்களுக்கு நடுவில் ஒன்றின் மீது மட்டும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. சீஸ் அப்பத்தைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன். தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு டியூஷன் பள்ளி, இன்னொரு ஃப்ளெக்ஸ், அதிலும் ஒரு பெயர் மீது டேப்.

விசாரித்தேன். எல்லோரும் முகவாயை மேலே தூக்கி "ட்ச்" என்றார்கள். இந்த ஊரில் அதற்கு இல்லை, தெரியாது, உனக்கெதற்கு ஆகிய மூன்றும் அர்த்தம். உண்மை கிடைக்காத இடத்தில் ஆட்கள் ஒன்று போலீசுக்குப் போவார்கள், இல்லையென்றால் கதை எழுதுவார்கள். போலீஸ் நிலையம் தொலைவில் இருந்தது.

தொடக்கங்கள்:

"கருமேகங்கள் சூழ்ந்த அந்த மாலையில் அசிமினா தன் வாழ்வின் மிகக் கடினமான—"

வேண்டாம். ஆர்த்தாவில் ஆகஸ்டில் மேகம் கிடையாது. கடினமானது என்று நான் சொல்லிவிட்டால் அவள் என்ன செய்வாள்?

"மொழி என்பது ஒரு பாலம். அந்தப் பாலத்தின் இரு கரைகளிலும்—"

கல்லூரி ஆண்டுமலர் வாடை.

"'மாமனார் மேல ஒட்டலாமா மிஸ்?' என்று கேட்டாள் தெஸ்பினா."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

"மாமனார் மேல ஒட்டலாமா மிஸ்?" என்று கேட்டாள் தெஸ்பினா.

கேட்டது வானொலியில். ஞாயிறு காலை, தேவாலயப் பூசையின் ஒலிபரப்பு முடிந்ததும், ஆங்கிலம் படிக்கிறவர்களின் கேள்விகளுக்கும், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரத் தவிக்கிறவர்களின் கேள்விகளுக்கும் உள்ளூர் வானொலியில் அசிமினா பதில் சொல்வாள். அசிமினா ஒரு டியூஷன் பள்ளியின் முதலாளி, ஆசிரியை, துப்புரவாளர். பள்ளியின் பலகையில் சிவப்பு மாடிபஸ் வரைந்திருக்கும். (இங்குள்ள ஆங்கிலப் பள்ளிகள் எல்லாவற்றின் பலகையிலும் லண்டனின் ஏதாவதொரு சாமான் இருக்கும். கடைசியாகத் திறந்த பள்ளிக்கு ஒன்றும் மிஞ்சாமல் குடை வரைந்துகொண்டார்கள்.) தெஸ்பினா பக்கத்துத் தெருவில் பொத்தான் கடை வைத்திருப்பவள். அவள் மகன் ஸ்தாதிஸ் சிவப்பு பஸ்ஸில் படிக்கிறான்.

"எதை ஒட்டணும் தெஸ்பினா?"

"நீங்கதானே மிஸ் போன வாரம் சொன்னீங்க, வீட்டுச் சாமான் மேலெல்லாம் இங்கிலீஷ் பேர எழுதி ஒட்டுங்க, பையன் மனசுல பதிஞ்சிடும்னு. ஃப்ரிட்ஜுல ஒட்டியாச்சு, கதவுல ஒட்டியாச்சு, பூனை மேல ஒட்டினேன், அது தின்னுடுச்சு. மாமனார் ஒருத்தர்தான் பாக்கி."

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"நெத்தியில வேணாம், முதுகுல ஒட்டுங்கிறாரு."

"முதுகுலயே ஒட்டுங்க. ஆனா ஒத்த வார்த்தையா ஒட்டாதீங்க. 'தாத்தா தூங்குறாரு'ன்னு முழுசா எழுதி ஒட்டுங்க. வார்த்தை தனியா இருந்தா ஓடிடும், வாக்கியத்துல கட்டிப்போட்டா நிக்கும்."

"அவரு முழிச்சுக்கிட்டா?"

"மாத்தி எழுதி ஒட்டணும். ஸ்தாதிஸே ஒட்டட்டும். அதான் பாடம்."

நிகழ்ச்சியை நடத்தும் சோத்திரிஸ் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அடுத்தது ஒரு டாக்ஸி ஓட்டுநர்.

"மிஸ், எத்தனை வார்த்தை தெரிஞ்சா இங்கிலீஷ் தெரியும்னு அர்த்தம்?"

"உங்களுக்கு கிரேக்கத்துல எத்தனை தெரியும்?"

"அத யாரு எண்ணினா?"

"அதேதாங்க."

பிறகு ஒரு கல்லூரிப் பெண், புத்தகத்தில் தெரியாத வார்த்தை வந்தால் உடனே அகராதியைத் திறக்க வேண்டுமா என்று கேட்டாள்.

"கல்யாண வீட்டுல தெரியாத மூஞ்சி ஒண்ணு வந்தா, உடனே போய் உங்கப்பா பேரு என்னன்னு கேப்பியா? கொஞ்சம் பொறு. அது யாரு பக்கத்துல உக்காருது, யாரு கூட ஆடுதுன்னு பாரு. பாதி புரிஞ்சிடும். திரும்பத் திரும்ப எதிர்ல வந்து நின்னுதுன்னா அப்ப போய்க் கேளு."

இன்னொரு தாய்: "எம்பொண்ணுக்கு மிருகக்காட்சி சாலை முழுக்க மனப்பாடம் மிஸ். நீர்யானை சொல்றா, ஒட்டகச்சிவிங்கி சொல்றா. பசிக்குதுன்னு மட்டும் சொல்ல வரல."

"உங்க வீட்டுல நீர்யானை அடிக்கடி வருமா?"

"இல்ல..."

"பசி?"

"அது எப்பவும்தான்."

"அப்ப பசியில இருந்து ஆரம்பிங்க."

ஆனால் எல்லாவற்றிலும் அதிகமாக வருகிற கேள்வி வேறு. எனக்கே ஆங்கிலம் தெரியாதே, என் குழந்தைக்கு நான் எப்படிச் சொல்லித்தருவேன்? இதற்கு அசிமினாவிடம் எப்போதும் ஒரே பதில்தான். சோத்திரிஸ் அதை அவள் கூடவே உதடசைத்துச் சொல்வான்.

"தெரியாதுன்னு சொல்லுங்க. வாய் விட்டுச் சொல்லுங்க. பெரியவங்களுக்கும் தெரியாதது இருக்குன்னு பாத்தா குழந்தைக்கு பயம் போயிடும். பயம் போனா பேச்சு வரும். தெரிஞ்ச மாதிரி நடிக்க மட்டும் செய்யாதீங்க, குழந்தைங்க கண்டுபிடிச்சிடும்."

இந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இதைக் கொண்டுதான் அவளை மடக்கப் போகிறேன். முன்கூட்டியே சொல்வது கதை தர்மமா என்று கேட்டால், ட்ச்.

3

அசிமினாவுக்குத் தன் மகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியவில்லை.

(இந்த வாக்கியத்தை நான் பல விதமாக எழுதிப் பார்த்தேன். "முயலவில்லை" என்று ஒரு முறை. அது பொய். "நேரமில்லை" என்று ஒரு முறை. அதுவும் பொய். கதாசிரியன் தன் கதாபாத்திரத்துக்காகச் சாக்குச் சொல்ல ஆரம்பித்தால் கதை விளங்காது.)

மகள் மிர்த்தோ. பன்னிரண்டு வயது. சின்னவளாக இருந்தபோது சிவப்பு பஸ்ஸின் முதல் வகுப்பில்தான் உட்கார்ந்தாள். அம்மா ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னதும் வகுப்பே திருப்பிச் சொல்லும், மிர்த்தோ மட்டும் "மா, சும்மா இரு" என்பாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் "மா, சும்மா இரு". படுக்கையில் ஆங்கிலக் கதை வாசித்தால் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு, தலையணைக்கு உள்ளிருந்து, "மா, சும்மா இரு". ஊரில் இருக்கிற பிள்ளைகளின் வாயையெல்லாம் திறக்க வைத்தவளுக்குத் தன் வீட்டு வாய் ஒன்று திறக்கவில்லை.

எதிர்ப்பள்ளியின் பலகையில் கரடிமயிர்த் தொப்பி அணிந்த அரண்மனைக் காவலாளி. அதன் உரிமையாளர் லாம்ப்ரோஸ். கிளாஸ்கோவில் படித்துவிட்டு வந்தவர். இவரை நான் முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். மீசை கூட வைத்துப் பார்த்தேன். ஆனால் ஒரு நாள் பக்கத்து நகரமான யானினாவில் பாடநூல் விற்பவர்கள் நடத்திய கூட்டத்தில், பேச்சாளர் "குழந்தை உளவியலும் சொல்வளமும்" என்று ஆரம்பித்ததும் அவரும் அசிமினாவும் ஒரே நேரத்தில் எழுந்து மாடித் தின்பண்ட மேஜைக்குத் தப்பி ஓடினார்கள். தப்பி ஓடுகிற ஒருவரை வில்லனாக வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மீசையை எடுத்துவிட்டேன்.

"உங்க பையன் நல்லாப் படிக்கிறானா சார்?" என்றாள் அசிமினா, குத்தலாக.

லாம்ப்ரோஸ் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளிய சொல்லாதீங்க மேடம். நான் இங்கிலீஷ்ல குட்மார்னிங் சொன்னா அவன் பூட்ஸைத் தூக்கி எறியறான்."

"எந்தக் கால் பூட்ஸு?"

"ரெண்டும்."

அசிமினா தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்தாள். பிறகு இன்னொன்று எடுத்து அவரிடம் நீட்டினாள். அந்த ஊரில் ஒரு உடன்படிக்கை இவ்வளவு குறைவான சத்தத்தோடு ஏற்பட்டதே இல்லை.

அதிலிருந்து, செவ்வாயும் வெள்ளியும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே சன்னலை மூடிக்கொண்டு தூங்குகிற நேரத்தில், மிர்த்தோ தெருவைக் கடந்து காவலாளிப் பள்ளியின் பின்கதவு வழியாக உள்ளே போவாள். அதே நேரத்தில் லாம்ப்ரோஸின் மகன் ஆரிஸ் தெருவைக் கடந்து சிவப்பு பஸ்ஸின் பின்கதவு வழியாக உள்ளே போவான். நடுத்தெருவில் இருவரும் சந்திக்கிறபோது, "உங்கப்பா இன்னிக்கு எப்படி?" "கடுப்புல இருக்காரு, உங்கம்மா?" "தலைவலி" என்று தகவல் பரிமாறிக்கொள்வார்கள். பார்க்க ஆரஞ்சு மரங்களும் ஒன்றிரண்டு நாய்களும்தான். மதியத் தூக்கத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் வெளியே சொல்வது மரியாதையில்லை.

இப்படிச் சில வருடங்கள். நன்றாகவே போனது. பிள்ளைகள் பாஸாகித் தொலைக்கும் வரை.

4

இந்தப் பகுதியில் அசிமினாவின் கணவர் இருந்தார். நீக்கிவிட்டேன். அவர் எதற்கெடுத்தாலும் "விடு அசிமினா, யாரு கவனிக்கப்போறா" என்று சொல்லிக் கதையை முடிக்கப் பார்த்தார். இப்போது கப்பலில் சமையல்காரராக இருக்கிறார். ஊரை விட்டுத் தூரமாக, நலமாக.

5

தேர்வு முடிவு வந்தது. மிர்த்தோ பாஸ். ஆரிஸ் பாஸ். அக்கம்பக்கத்தார் கண் படாமலிருக்க இரண்டு பிள்ளைகள் மீதும் த்தூ த்தூ என்று துப்பினார்கள். பள்ளிகள் இரண்டும் ஃப்ளெக்ஸுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய வாரம். செப்டம்பரில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன்னால் தாய்மார்கள் அந்தத் தெருவில் காபி குடிக்கிற சாக்கில் நின்று, ஃப்ளெக்ஸைப் பெயர் பெயராக வாசிப்பார்கள். எந்தப் பள்ளியில் யார் பிள்ளை என்று மனதில் குறித்துக்கொள்வார்கள்.

நிலவரம் புரிகிறதல்லவா? குழந்தைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று ஊருக்கே வானொலியில் சொல்கிறவளின் மகள் பெயர் எதிர்ப்பள்ளி ஃப்ளெக்ஸில் தொங்கினால், செப்டம்பரில் சிவப்பு பஸ்ஸில் ஏற ஆளிருக்காது. எதிர்ப்பள்ளிக்காரர் மகன் பெயர் இங்கே தொங்கினால் காவலாளியும் தொப்பியைக் கழற்ற வேண்டியதுதான். எனவே, மேடமும் சாரும் கலந்து பேசி, இரண்டு பெயரையும் எங்கேயும் போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

"மா, எம்பேரு?" என்றாள் மிர்த்தோ.

"நம்ம ஃப்ளெக்ஸ்லயே போட்டுடவா? கடைசி வரியில?"

"நீயா சொல்லிக்குடுத்த?"

"இல்ல..."

"அப்ப அது பொய். லாம்ப்ரோஸ் சாரோடதுல போடு."

"அது முடியாதுடீ."

"ரெண்டுல ஒண்ணுலயும் இல்லன்னா நான் பாஸாகவே இல்லையா? அந்தத் தெருவுல எல்லாப் பசங்க பேரும் இருக்கும், எம்பேரு மட்டும் இருக்காது. ஸ்தாதிஸ் பேரு கூட இருக்கும் மா. ஸ்தாதிஸ்! அவன் வாய் திறந்தா 'தாத்தா தூங்குறாரு' தவிர வேற எதுவும் வராது!"

அன்று மாலையிலிருந்து மிர்த்தோ போராட்டத்தில் இறங்கினாள். அம்மாவோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவது.

இங்கே எனக்கொரு சிக்கல். இவர்கள் பேசுகிற கிரேக்கத்தை இதுவரை நம் பேச்சுத் தமிழில் கொடுத்துவந்தேன். ஆங்கிலத்தை எதில் கொடுப்பது? யோசித்து, மேடைத்தமிழில் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும்.

"அன்னையே," என்றாள் மிர்த்தோ இரவு உணவில், "அந்த உப்பினை இவ்விடம் நகர்த்த இயலுமா?"

அசிமினாவின் கையிலிருந்த முட்கரண்டி நின்றது.

"ஒழுங்கா பேசுடீ."

"எனது பெயர் உரிய இடத்தில் தொங்கும் வரை நான் இவ்வாறே உரையாடுவேன். தாங்கள் இதனை நீண்ட காலமாக விரும்பிக்கொண்டு இருந்திருந்து வந்தீர்கள் அல்லவா?"

கடைசி வாக்கியத்தில் வினைச்சொல் ஒன்று தடுமாறியிருந்தது. திருத்த அசிமினாவின் நாக்கு துடித்தது. ஆலிவ் கொட்டையோடு சேர்த்து அதை விழுங்கினாள். இத்தனை வருடங்களில் மகள் ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் பேசி அவள் கேட்டது இதுதான் முதல் முறை. "ர" வருகிற இடமெல்லாம் லாம்ப்ரோஸின் கிளாஸ்கோ உருண்டது. பக்குவமான, கோபமான, சொந்தமான ஆங்கிலம். வேறொருவர் வீட்டில் வளர்ந்து வந்தது.

உப்பை நகர்த்தினாள். எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அழுதாளா சிரித்தாளா என்பதை நான் எழுதப் போவதில்லை. கதவை மூடிக்கொண்டாள். அவ்வளவு மரியாதையாவது கொடுப்போம்.

6

வெள்ளிக்கிழமை ஃப்ளெக்ஸ்கள் வந்தன. தானாசிஸின் கடையில் அச்சடித்தவை. இரண்டிலும் ஒரு பெயர் கூடுதலாக இருந்தது. காவலாளியில் மிர்த்தோ. சிவப்பு பஸ்ஸில் ஆரிஸ்.

"மேடம், உங்க பொண்ணும் அவர் பையனும் சேர்ந்து வந்தாங்க," என்றார் தானாசிஸ் தொலைபேசியில். பின்னணியில் அலைச் சத்தம். "ஒரு பேரை விட்டுட்டோம், சேர்த்துக்குங்கன்னாங்க. ரெண்டு பேரும் எந்தப் பள்ளிக்கு எந்தப் பேருன்னு சொன்னப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. டீச்சர் பிள்ளைங்க, தப்பா சொல்லுமான்னு அடிச்சிட்டேன்."

"இன்னொண்ணு அடிச்சுக் குடுங்க."

"நான் கடலுக்கு வந்துட்டேன் மேடம். கடை செப்டம்பர்லதான்."

எனவே டேப். லாம்ப்ரோஸ் வீட்டில் பழுப்பு டேப் ஒரு சுருள் இருந்தது. தான் ஒட்டிக்கொண்டு மிச்சத்தைத் தெரு கடந்து தூக்கிப் போட்டார். அசிமினா பிடித்தாள்.

மறைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று இருவரும் நினைத்தார்கள். வார்த்தை மறைந்திருந்தால்தான் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள் என்பது சொல்வளம் கற்பிக்கிற இருவருக்குத் தெரியாதா என்ன? பதற்றத்தில் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை அந்தத் தெருவில் நின்ற தாய்மார்கள் வேறெந்தப் பெயரையும் வாசிக்கவில்லை.

"காப்பி அடிச்சு மாட்டியிருப்பான்."

"ஃபீஸ் கட்டியிருக்க மாட்டாங்க."

"ரெண்டு பக்கமும் ஒரே டேப்பு, பாத்தியா? ஒரே ஆளு ரெண்டு இடத்துலயும் படிச்சிருக்கு!"

இதற்கு நடுவில், பட்டப்பகலில், மிர்த்தோ ஒரு காரியம் செய்தாள். தேர்வில் பாஸானவர்கள் சொல்லித்தந்தவருக்கு ஒரு பெட்டி இனிப்பு கொண்டுபோய்க் கொடுப்பது இங்கே வழக்கம். அதைச் செய்யாமலிருப்பது பரீட்சையில் தோற்பதைவிடக் கேவலம். மிர்த்தோ வெள்ளை நாடா கட்டிய இனிப்புப் பெட்டியை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, அம்மாவின் சிவப்பு பஸ்ஸைத் தாண்டி, தெருவைக் கடந்து, காவலாளியின் முன்கதவு வழியாக உள்ளே போனாள்.

எதிரே பொத்தான் அட்டையோடு நின்ற தெஸ்பினாவின் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

7

ஞாயிறு. வானொலி அறை அதே தெருவின் முனையில், மூன்றாவது மாடியில். சன்னலில் இருந்து இரண்டு ஃப்ளெக்ஸும் தெரியும். கீழே காபிக் கடையில் வானொலி அலறும்.

"முதல் கேள்வி நம்ம தெஸ்பினா," என்றான் சோத்திரிஸ்.

"மிஸ், மாமனார் விஷயம் இல்ல இன்னிக்கு," என்றாள் தெஸ்பினா. அவள் குரலில் தேன் சொட்டியது. "பொதுவா ஒரு சந்தேகம். உங்க மிர்த்தோ பாஸாயிட்டாளாமே, த்தூ த்தூ. நீங்க அவளுக்கு வீட்டுல எப்படி மிஸ் சொல்லிக்குடுத்தீங்க? நாங்களும் அதையே செய்யலாமேன்னு."

அசிமினா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவளிடம் பதில் தயாராக இருந்தது. தினம் கொஞ்ச நேரம், கதை வாசிப்பது, விளையாட்டு, பொறுமை. எல்லாம் உண்மையான பதில்கள், வேறு யாராவது கேட்டிருந்தால்.

சன்னலுக்கு வெளியே, தெருவில், ஒரு ஏணி நகர்ந்து வந்தது. முன்பக்கத்தை மிர்த்தோவும் பின்பக்கத்தை ஆரிஸும் பிடித்திருந்தார்கள். காவலாளியின் சுவரில் சாய்த்தார்கள். மிர்த்தோ முதல் படியில் கால் வைத்து, காபிக் கடை வானொலியின் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க.

இந்த இடத்தில் என் நோட்டில் மூன்று வரிகள் இருக்கின்றன. ஒன்றில் அசிமினா சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றுகிறாள். ஒன்றில் தொலைபேசி இணைப்பு அறுந்துபோகிறது. (கதாசிரியன் கையில் எத்தனை கத்தரிக்கோல் பாருங்கள்.) ஒன்றில் சோத்திரிஸ் மைக்கின் மேல் காபியைக் கொட்டுகிறான். மூன்றையும் அவளிடம் நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது தெஸ்பினா," என்றாள்.

பழக்க தோஷத்தில் உதடசைக்க ஆரம்பித்த சோத்திரிஸ் பாதியில் நிறுத்தினான்.

"என்ன தெரியாது மிஸ்?"

"எம்பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்க எனக்குத் தெரியல. எவ்வளவோ பாத்தேன். நான் வாயத் திறந்தா அவ காதை மூடிக்கிட்டா. எதிர்ல இருக்கிற லாம்ப்ரோஸ் சார்தான் சொல்லிக்குடுத்தாரு. அவரு பையனுக்கு நான் சொல்லிக்குடுத்தேன். மதியம், நீங்கல்லாம் தூங்கறப்ப. இனிப்பு சரியான ஆளுக்குத்தான் போச்சு தெஸ்பினா. நீங்க பாத்தது கரெக்டு."

வானொலியில் சத்தம் நின்றால் ஊரே நிமிர்ந்து பெட்டியைத் தட்டிப் பார்க்கும். சோத்திரிஸ் தடுமாறி டயர் விளம்பரத்தைப் போட்டான். டயர் விளம்பரம் முடிந்ததும் வேறு வழியில்லாமல் அடுத்த அழைப்பை எடுத்தான்.

"ஹலோ, நான் லாம்ப்ரோஸ்," என்றது குரல். "எதிர்வீட்டு... எதிர்ப்பள்ளி லாம்ப்ரோஸ். எனக்கொரு கேள்வி."

"கேளுங்க சார்," என்றாள் அசிமினா.

"ஏணி மேல உங்க பொண்ணு நிக்கிறா. டேப்ப எடுக்கலாமா மேடம்?"

"இருங்க. நான் வரேன்."

8

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை தாய்மார்கள் கூட்டமாக வந்து பிள்ளைகளை சிவப்பு பஸ்ஸிலிருந்து இறக்கிக் குடைப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அசிமினா பலகையை இறக்கும்போது... — இதை எழுதும்போது எனக்கே கை ஓடவில்லை.

திங்கட்கிழமை ஊரே பிள்ளை மாற்றிக்கொள்கிறது. தெஸ்பினா ஸ்தாதிஸைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித்தருகிறாள். மாமனாரைக் கூட யாரோ கேட்டுப் பார்க்கிறார்கள். — இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நம்ப மாட்டீர்கள்.

அசிமினாவும் லாம்ப்ரோஸும் பள்ளிகளை இணைத்து, ஒரே பலகையில் காவலாளி சிவப்பு பஸ் ஓட்டுகிறான். — இதைக் கேட்டதும் "அப்ப அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமா?" என்று சில வாசகர்கள் கிளம்புவீர்கள் என்று தெரியும். கப்பலில் சமையல்காரர் இருக்கிறார். அடங்குங்கள்.

எழுதிவிட்டு யோசித்தேன். இவை எல்லாம் ஊர் என்ன செய்யும் என்பதைப் பற்றியவை. ஏணியில் நிற்கிற பெண்ணுக்கு ஊரைப் பற்றி என்ன கவலை?

9

அசிமினா மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்தாள். காபிக் கடையில் எல்லோரும் நாற்காலிகளை ஃப்ளெக்ஸ் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். தெஸ்பினா முதல் வரிசையில். இவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைக் காலால் இழுத்து வழிவிட்டாள். தன் வீட்டுப் பால்கனியில் லாம்ப்ரோஸ் பனியனோடு நின்று, பனியனோடு நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்து, பூந்தொட்டிக்குப் பின்னால் நகர்ந்தார்.

ஆரிஸ் ஏணியை ஒரு கையால் பிடித்திருந்தான். மறுகையில் போன்.

"ஒழுங்கா பிடிடா," என்றாள் அசிமினா.

"பிடிச்சிட்டுதான் இருக்கேன் மிஸ்."

மிர்த்தோ மேல்படியில், டேப்புக்கு நேரே. திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, ஊர் கேட்க, கிளாஸ்கோ உருள, சொன்னாள்:

"அன்னையே, இந்த ஏணி ஆடுகிறது. தாங்கள் இதனைப் பிடித்துக்கொள்வீர்களா?"

அசிமினா ஆரிஸை விலக்கிவிட்டு இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்தாள். அவள் வாயில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. ஆங்கிலத்தில். இத்தனை வருடங்களாக அவள் ஆங்கிலத்தில் சொன்ன எதற்கும் வந்த பதில் ஒன்றுதான். அதை எதிர்பார்த்துக் கழுத்தைக் கொஞ்சம் உள்ளுக்கிழுத்துக்கொண்டு சொன்னாள்:

"பிடித்துக்கொண்டேன், மகளே."

மேலே ஏணி ஒரு கணம் அசைந்தது.

'மா, சும்மா இரு' வரவில்லை.

மிர்த்தோ குனிந்து கீழே பார்த்தாள். வியர்வை, மூக்கில் ஒரு ஆரஞ்சு இலைத் தூசி. டேப்பின் ஓரத்தை நகத்தால் கொஞ்சம் எழுப்பியிருந்தாள்.

"தாங்கள் கிழிக்கிறீர்களா," என்று கேட்டாள், "அல்லது நான் கிழிக்கட்டுமா?"

அசிமினா சொன்னாள்: "▇▇▇▇▇▇▇▇▇▇▇▇"

டேப்பை ஒட்டியது நான்தான். மிச்சமிருந்த சுருள் என் மேஜையில் கிடந்தது. ஓரத்தை உங்களுக்காகக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன், நகம் இருந்தால் போதும். கிழிப்பதற்கு முன் ஒன்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்: அவள் அதை எந்த மொழியில் சொன்னாள்?